பேராண்டியின் மாசக் கணக்கு

வா ராசா, இப்படித் திண்ணையில உக்காரு. முத்துநகர் எக்ஸ்பிரஸ் கோவில்பட்டிக்கு வர இன்னும் நேரம் கெடக்கு. ஆபீசுக்கு ஒரு மாசம் லீவு போட்டுட்டு, "எனக்குப் பிடிச்ச வேலையை மட்டும் பாக்கப் போறேன் தாத்தா"ன்னு வந்து எறங்கினியே, அந்தக் கணக்கைப் பாத்துருவோம்.

நாவல் ஒண்ணு. அதுல நான் குறையே சொல்ல மாட்டேன். தலைப்பு வச்சாச்சு, அட்டைக்குக் கலர் முடிவாயிருச்சு, யாருக்குச் சமர்ப்பணம்னும் எழுதியாச்சு. என் பேருதான் இருந்துச்சு, சந்தோசம். உள்ள எழுதுறது மட்டும்தான் பாக்கி. சித்திரையில நல்லேர் பூட்டுவோம்ல, மாட்டுக்குப் பொட்டு வச்சு நாலு சால் ஓட்டிட்டு வீட்டுக்கு வந்துருவோம். ஒனக்கு மாசம் பூரா நல்லேருதான். புரட்டாசியில போய் விதைக்கிறதெல்லாம் எங்களை மாதிரி விவரங்கெட்ட சம்சாரிக பாடு.

படிப்புக்கு வருவோம். பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்தையும் காதுல மாட்டி, ரெட்டை வேகத்துல கேட்டு முடிச்சே. கல்கி அதை 1950லேருந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதினாரு. மனுசனுக்கு அவசரம்னா என்னன்னே தெரியல பாரு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில குதிரையை மெள்ள நடக்க விட்டு, வேடிக்கை பாத்துக்கிட்டு வருவான். கதை தொடங்குறதே அங்கனதான். நீ அந்தக் குதிரையை விரட்டுன விரட்டுல, பாவம், அது ஒரு வாய் ஏரித்தண்ணி குடிச்சிருக்காது. நந்தினி பக்கம் ஞாயம் இருக்கா இல்லையான்னு கேட்டேன். "வாசிச்ச குரல் அருமை தாத்தா"ன்னுட்டே.

நம்மூர்க் கதைகளைப் பதிவு பண்ணணும்னு மைக்கு வாங்கினே பாரு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. உங்க ஆச்சியைக் கட்டில்ல உக்கார வச்சு, சட்டைப் பித்தானை மாட்டுற மாதிரி அதைச் சேலையில மாட்டிவிட்டே. அவ கோழிக் கள்ளன் கதையை எடுத்தா. பாதியில, "ஆச்சி, வெளிய கோழி கத்துது, முதல்லேருந்து சொல்லுங்க"ன்னே. மறுபடி சொன்னா. அப்ப மாடு கத்துச்சு. அப்புறம் மோட்டார் போட்டாங்க. கடைசியில மைக்கைக் கழட்டிப் பொட்டியில வச்சதும், "கோழி கத்தாத ஊர்ல கள்ளனுக்கு என்னடா சோலி"ன்னு கேட்டுட்டு, கதையை முழுசாச் சொன்னா. பக்கத்து வீட்டுப் பொம்பளைக எல்லாம் வந்து சிரிச்சாங்க. நீ போன்ல, சத்தம் உள்ள வராம இருக்கச் செவுத்துல ஒட்டுற பஞ்சு என்ன விலைன்னு பாத்துக்கிட்டு இருந்தே.

அப்புறம் உத்வேகம் வரலைன்னு குத்தாலம் போனே. அருவியில தண்ணி இல்லைன்னு பார்டர் புரோட்டாவை மட்டும் பாத்துட்டுத் திரும்பினே. இந்தா பக்கத்துல கெடக்கு இடைசெவல். கு.அழகிரிசாமிக்கு 1970ல சாகித்ய அகாதெமி, கி.ராஜநாராயணனுக்கு 1991ல. ஒத்தை ஊருக்கு ரெண்டு. அங்க எங்கயாவது அருவி விழுதான்னு நானும் பாத்துட்டேன், கரிசல் மண்ணுதான் இருக்கு. கி.ரா. 'கதவு'ன்னு ஒரு கதை எழுதினாரு. பிள்ளைக ஏறி ஆடி விளையாடுற ஏழை வீட்டுக் கதவு, தீர்வை கட்டலைன்னு கழட்டிட்டுப் போயிருவாங்க. அம்புட்டுத்தான் கதை, ஆனா படிச்சவனுக்கு லேசுல மறக்காது. நம்ம வீட்டுக் கதவும் கிரீச்சுங்குது, கொஞ்சம் எண்ணெய் விடுடான்னு உங்க ஆச்சி கத்தாத நாளில்லை. ஒனக்கு எங்க கேக்கும், காதுலதான் வந்தியத்தேவன் ஓடிக்கிட்டு இருந்தானே.

முகம் வாடாதே. ஒரு யோசனை சொல்றேன், கேட்டுக்கோ. அடுத்த மாசம் இன்னும் நாலு வேலையைச் சேத்து இழுத்துப் போடு. நாவல் எங்கடான்னு ஒருத்தன் கேட்டா, வீணை கத்துக்கிறேன்னு சொல்லலாம். வீணை எங்கன்னு கேட்டா, மாடித்தோட்டம். ஒத்தை வேலையை வச்சிருக்கிறவன்தான் மாட்டிக்குவான்.

இன்னொண்ணு, ஆச்சிகிட்டச் சொல்லிராதே. கரண்டு போன அன்னைக்கு, உரக்கடை ரசீதுக்குப் பின்னால அவ வெத்திலை இடிக்கிறதைப் பேனாவுல கிறுக்கிப் போட்டிருந்தே. இடிக்கும்போது கீழுதட்டை ஒருபக்கமாக் கடிப்பா பாரு, அது அப்படியே இருந்துச்சு. அம்பது வருசத்துக்கு மேல கூடக் குடியிருக்கேன், நானே அன்னைக்குத்தான் அதைக் கவனிச்சேன். எடுத்து என் பொட்டிக்குள்ள வச்சிருக்கேன். கேட்டா குடுக்க மாட்டேன். குடுத்தா அதுக்கும் ஒரு தலைப்பு வச்சு, அட்டைக்குக் கலர் பாக்க ஆரம்பிச்சிருவே.

சரி, பையை எடு. நாவலுக்குன்னு வச்சிருந்த அந்தத் தோல் அட்டை போட்ட தடி நோட்டு உள்ள இருக்கா? மொதப் பக்கத்தைக் கிழிச்சு நீ வச்சுக்கோ. மிச்சத்தை இங்கன போட்டுட்டுப் போ, உங்க ஆச்சிக்குப் பால் கணக்கு எழுத நோட்டு தீந்துபோச்சு.