எங்கிட்ட ஓடுதே!

பந்தியில் நூறு பேர் சாம்பாரில் உப்பு இல்லை என்றாலும், "என் இலையில இருந்துச்சே" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அந்த வம்சத்தில் ஒருவர் கம்ப்யூட்டர் படித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்கு அவர் 'எங்கிட்ட ஓடுதே' அண்ணன்.

அண்ணனுடையது ஒருவகையில் வில்லங்கம் பார்க்கிற வேலை. நிலத்துக்கு அல்ல, வரைபடத்துக்கு. டிஜிட்டல் வரைபடத்தோடு மெட்டாடேட்டா என்று ஒரு கோப்பு வரும். யார் வரைந்தது, என்றைக்கு வரைந்தது, நாலு எல்லை எங்கே என்றெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் 1994-லேயே இதற்கு விதி எழுதிவிட்டார்கள். 2003-ல் ஐஎஸ்ஓ 19115 வந்தது. கோப்பு விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் மென்பொருளை எழுதியவர் அண்ணன். அவருடைய விண்டோஸ் லேப்டாப்பில் அது சொக்கத் தங்கம். வாடிக்கையாளரின் லினக்ஸ் சர்வரில் ஏறியதும் பித்தளை.

"அண்ணா, ஃபைலே இல்லைங்குது" என்று வந்தாள் டெஸ்டிங் பெண். கோப்புப் பெயரின் முதல் எழுத்து ஓரிடத்தில் பெரியது, இன்னோரிடத்தில் சின்னது. விண்டோஸ் இந்தப் பேதம் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். அண்ணன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "எங்கிட்ட ஓடுதேம்மா."

அடுத்த வாரம் வந்ததுதான் பெரிய கூத்து. வரைபடம் எதைப் பற்றியது என்று சொல்ல ஐஎஸ்ஓ ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறது, கடலுக்கு 'ஓஷன்ஸ்'. லினக்ஸில் மென்பொருள் சொன்னது: "'ஓஷன்ஸ்' செல்லாது. 'ஓஷன்ஸ்' என்று இருக்க வேண்டும்." இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டே அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் போயிற்று. குற்றவாளி கண்ணுக்குத் தெரியாதவன். டெலிபிரிண்டர் காலத்தில் வரி முடிந்தால் அச்சுமுனையை இடக்கோடிக்கு இழுக்க ஒரு குறி, காகிதத்தை நகர்த்த இன்னொரு குறி. டெலிபிரிண்டர் போயே போய்விட்டது. விண்டோஸ் இன்னும் இரண்டையும் போடுகிறது, லினக்ஸுக்கு ஒன்றே போதும். அண்ணன் சொற்பட்டியலை விண்டோஸில் சேமித்திருந்தார். லினக்ஸில் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் வாலிலும் அந்த உபரிக் குறி ஒட்டிக்கொண்டது. வால் வைத்த கடலும் வால் இல்லாத கடலும் ஒன்றாகுமா?

பிறகு ஜெர்மனியிலிருந்து ஒரு வாடிக்கையாளர். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி. புள்ளி வைத்தால் ஆயிரம் பிரிக்க. நம் சென்னையின் தீர்க்கரேகை 80.27. அந்த ஊர்க் கம்ப்யூட்டர் புள்ளியை விழுங்கிவிட்டு 8027 என்று படித்தது. தீர்க்கரேகை 180-ஐத் தாண்டாது. சென்னை பூமியை 22 முறை சுற்றியும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. வீடியோ அழைப்பில் ஜெர்மன்காரர் காட்டக் காட்ட, அண்ணன் தன் லேப்டாப்பைத் தூக்கிக் கேமரா முன்னால் பிடித்தார். அதில் சென்னை வங்கக்கடலோரம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதுதான் வயிற்றெரிச்சல். உண்மையிலேயே அவரிடம் ஓடுகிறது. நானே போய்ப் பார்த்தேன், ஓடியது.

மேலாளர் யோசித்து அண்ணனுக்கு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். இப்போது விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருந்தால் ஒரு வேண்டுகோள்: அவருடைய பழைய லேப்டாப்பை மட்டும் ரிப்பேருக்கு அனுப்பிவிடாதீர்கள். கம்பெனியில் ஓடுகிற பிரதி அது ஒன்றுதான்.