நிரந்தரமா, தினக்கூலியா?

(இடம்: சாலிகிராமம் அருணாச்சலம் சாலையில் ஒரு டீக்கடை. நேரம்: காலை பத்து மணி. மின்வாரியத்தின் கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்று, தொழிற்சங்கப் பேச்சில் மட்டும் இன்னும் ஓய்வு பெறாத ஒரு பெரியப்பா, தம்பி மகளுக்கு வந்த வரனை விசாரிக்க விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். வரன் இன்னும் தூங்கவில்லை.)

பெரியப்பா: தரகர் குடுத்த பேப்பர்ல தொழில்ங்கிற இடத்துல ரெண்டு போட்டிருக்கு தம்பி. மெடிக்கல் பில்லிங், சினிமா. இதுல எது நிரந்தரம், எது தினக்கூலி?

நடிகர்: பில்லிங்தான் நிரந்தரம் மாமா. நைட் ஷிஃப்ட். சாயங்காலம் ஆறரைக்குப் போனா விடியக்காலை மூணரைக்கு விடுவாங்க.

பெரியப்பா: மாமா எல்லாம் அப்புறம். இப்ப விசாரணைதான் நடக்குது, சார்னே சொல்லுங்க. ராத்திரில எந்த ஆஸ்பத்திரிக்கு பில்லு போடுறீங்க?

நடிகர்: அமெரிக்கா ஆஸ்பத்திரிங்களுக்கு சார். அங்க இருக்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, "இந்தப் பேஷன்ட்டுக்கு ஏன் இன்னும் பணம் வரல"ன்னு கேட்கணும். போன்ல என் பேரு கெவின்.

பெரியப்பா: பேரை மாத்தி, குரலை மாத்தி, விடிய விடிய வேற ஆளா பேசுறீங்க. மாசம் பொறந்தா சம்பளம். அப்ப நடிப்புத் தொழில் அதுதானே?

நடிகர்: ரீடேக் கூடக் கிடையாது சார்.

பெரியப்பா: பின்ன சினிமாவுல என்ன பண்றீங்க?

நடிகர்: ஆடிஷன் குடுக்குறேன்.

பெரியப்பா: நடிக்கிறது?

நடிகர்: அது எப்பவாவது. போன தீபாவளி சமயத்துல ஒரு சீரியல்ல டாக்டரா வந்தேன். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துட்டு வந்து, மாஸ்க்கைக் கழட்டி, "எங்களால முடிஞ்சதை எல்லாம் பண்ணிட்டோம்"னு சொல்லணும். பகல்ல பேஷன்ட் போயிட்டார்னு சொல்லிட்டு, ராத்திரி போய் பேஷன்ட் பில்லுக்குப் பணம் கேட்டேன்.

பெரியப்பா: ஆடிஷன் எத்தனை நாளைக்கு ஒண்ணு? நாங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுப்போம். உங்களுக்கு என்ன கணக்கு?

நடிகர்: சராசரி சொன்னா பொய்யாயிடும் சார். ஒரு வாரத்துல அஞ்சு வரும். அதுல ரெண்டு ஒரே நாள்ல, ஒரே நேரத்துல. ஒண்ணு வளசரவாக்கம், இன்னொண்ணு நீலாங்கரை. அப்புறம் ரெண்டு மாசம் போன் அடிக்காது, கிரெடிட் கார்டுக்காரங்க மட்டும் விடாம அடிப்பாங்க. விளம்பரப் படம்னா அடிக்கடி இருக்கும். சினிமான்னா கம்மி. பெரிய வேஷத்துக்கு ஆடிஷன் ரொம்ப அபூர்வம், அது போன்லயே முடிஞ்சிடும். ஹீரோ ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஆளு, இன்ஸ்பெக்டர் பின்னாடி நிக்கிற ஏட்டு, இதுக்குத்தான் மாடிப்படி நிறைய கூட்டம்.

பெரியப்பா: எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். சீஃப் இன்ஜினீயரை யாரும் பரீட்சை வெச்சு உக்கார வெக்கல. சரி, உள்ள போனா என்ன கேப்பாங்க?

நடிகர்: கேமரா முன்னாடி நின்னு பேரு, வயசு, உயரம், இருக்கிற இடம் சொல்லணும். இந்தப் பக்கம் திரும்பணும், அந்தப் பக்கம் திரும்பணும். ரெண்டு கையையும் விரிச்சு முன்னும் பின்னும் காட்டணும்.

பெரியப்பா: கை எதுக்கு?

நடிகர்: விளம்பரத்துல பிஸ்கட்டைப் பிடிக்கப் போறது கைதானே சார். நகம் சரியில்லைன்னு திரும்பி வந்தவங்க இருக்காங்க. அப்புறம் ரெண்டு வரி டயலாக். முடிச்சதும் "சொல்றோம்"பாங்க.

பெரியப்பா: இது பொண்ணு பாக்குறதேதான்யா! பஜ்ஜி மட்டும் இல்ல.

நடிகர்: பஜ்ஜியும் இருக்கும் சார். அங்கயும் பாக்க உக்காந்தவங்கதான் சாப்பிடுவாங்க.

(பெரியப்பா இந்த இடத்தில் கொஞ்ச நேரம் டீயை மட்டும் குடித்தார். தம்பி மகள் நாலைந்து பேருக்கு முன்னால் காபித் தட்டோடு நின்ற ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.)

பெரியப்பா: வேண்டாம்னா எப்பச் சொல்லுவாங்க?

நடிகர்: சொல்ல மாட்டாங்க. படம் ரிலீஸ் ஆனதும் தியேட்டர்ல போய்ப் பாத்துத் தெரிஞ்சுக்கணும். டிக்கெட்டும் நம்ம காசுதான்.

பெரியப்பா: ராத்திரி வேலை, பகல்ல ஆடிஷன்னா தூக்கம்?

நடிகர்: தூக்கத்தைத்தான் இப்ப செல்ஃப் டேப் எடுத்துக்கிச்சு சார். கொரோனா சமயத்துல பரவின பழக்கம். ஆபீசுக்கு வர வேண்டாம், வீட்லயே நடிச்சு வீடியோ எடுத்து அனுப்புன்னுடுவாங்க. ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்ல டயலாக் பேப்பர் வரும், காலைல பத்து மணிக்குள்ள வேணும்பாங்க. அப்ப நான் கெவினா இருப்பேன். நாலரைக்கு ரூமுக்கு வந்து, ஜன்னல்ல பெட்ஷீட் கட்டி, தண்ணிக் குடத்தைக் கவுத்து அது மேல லைட்டை நிறுத்தி, ரூம்மேட்டை எழுப்புவேன். அவன்தான் எதிர் டயலாக். கதாநாயகி வேஷமா இருந்தாலும் கண்ணைத் திறக்காமத்தான் படிப்பான்.

பெரியப்பா: அக்கம்பக்கத்துல ஒண்ணும் சொல்லலையா?

நடிகர்: ஒரு தடவை அப்பா செத்துப்போற சீன். அஞ்சு மணிக்கு வாய்விட்டு அழுதேன். கீழ் வீட்டம்மா தலைமுடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டே ஓடி வந்து, "யாருப்பா போயிட்டா?"ன்னு கேட்டாங்க. என் நடிப்பை இதுவரைக்கும் முழுசா நம்பினது அவங்க ஒருத்தர்தான் சார்.

பெரியப்பா: அந்த வேஷம் கிடைச்சுதா?

நடிகர்: தாடி அதிகம்னுட்டாங்க. அந்த தாடி வேற ஒருத்தர் கேட்டு வளர்த்தது. கிராமத்து ரவுடி வேஷம். எடுத்தா அந்தப் படம் போயிடும், எடுக்கலேன்னா இந்தப் படம் போயிடும். யோசிச்சுக்கிட்டே இருந்தேன், ரெண்டும் போயிடுச்சு.

பெரியப்பா: காசு கேக்குறாங்கன்னு பேப்பர்ல படிச்சேனே?

நடிகர்: கேட்டா அது ஆடிஷனே இல்ல சார், திருட்டு. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், கார்டு ஃபீஸ்னு ஒரு பைசா கேட்டாலும் எந்திரிச்சு வந்துடணும். "எங்க பேரைச் சொல்லிப் பணம் கேட்டா நம்பாதீங்க"ன்னு பெரிய கம்பெனிகளே அறிக்கை விட்டிருக்காங்க.

பெரியப்பா: ஷூட்டிங் வந்தா ஆபீஸ்ல லீவு?

நடிகர்: முதல்ல பாட்டி, சித்தப்பான்னு சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு நாள் மனசு கேக்காம டீம் லீடர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். லீவைக் குடுத்துட்டு, அவரு போட்டோ நாலை எனக்கு அனுப்பி, "டைரக்டர்கிட்ட காட்டுப்பா"ன்னுட்டாரு.

பெரியப்பா: ஆனா தம்பி, விஜய் சேதுபதியும் கணக்கு எழுதிக்கிட்டிருந்தவர்தானே?

நடிகர்: எங்க வீட்லயும் இதையேதான் சொல்றாங்க சார். துபாய்ல கணக்கு வேலை. திரும்பி வந்து கூத்துப்பட்டறை நாடகக் குழுவுல சேர்ந்தாரு, அங்கயும் கணக்கு. 2006ல புதுப்பேட்டை மாதிரி படத்துல கும்பல்ல ஒருத்தரா நின்னு, 2010ல தென்மேற்குப் பருவக்காற்று வரைக்கும் காத்துக்கிட்டிருந்தாரு. எல்லாம் நிஜம். ஆனா அதே வருஷங்கள்ல காத்துக்கிட்டிருந்த மத்தவங்க பேரை யாராவது உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா?

பெரியப்பா: சரி, ரஜினி? கண்டக்டர்தானே?

நடிகர்: டிக்கெட் கிழிச்சுக்கிட்டே மத்தியானம் ஆடிஷனுக்கு ஓடலை சார் அவரு. மெட்ராஸ் வந்து ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல சேர்ந்து படிச்சாரு. பாலசந்தர் கண்ணுல பட்டாரு, 1975ல அபூர்வ ராகங்கள். என் கதை வேற. பெட்ரோல், போட்டோ, ஜிம், டான்ஸ் கிளாஸ் எல்லாம் பில்லிங் சம்பளத்துலேர்ந்து போகுது.

பெரியப்பா: இருங்க, இதைக் கணக்குல எடுத்துக்கணும். படத்துக்கு ஆள் எடுக்கிறது அவங்க வேலை. அதுக்கான செலவு உங்களோடது. உங்களுக்குக் காசு வர்றது அமெரிக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்து. ஆகக்கூடி, அங்க எவனோ கால் உடைஞ்சு படுத்தாத்தான் இங்க தமிழ்ப் படத்துக்கு ஏட்டு கிடைப்பான்!

(முப்பது வருஷம் மின்வாரியக் கணக்கைப் பார்த்தவருடைய தணிக்கைக் குறிப்பு இது. எந்தத் தயாரிப்பாளரும் இதுவரை இதற்கு ஆட்சேபம் எழுப்பியதாகத் தெரியவில்லை. படம் முடிந்ததும் ஓடும் நன்றி அட்டையில் அந்த ஆஸ்பத்திரிகள் பெயரும் வருவதில்லை.)

நடிகர்: அமெரிக்காவுலயும் நடிகனுங்க ஓட்டல்ல தட்டு தூக்கிக்கிட்டுத்தான் ஆடிஷனுக்குப் போறாங்க சார். ஆனா 2023ல அவங்க சங்கம் 118 நாள் ஸ்டிரைக் பண்ணுச்சு.

பெரியப்பா: (நிமிர்ந்து உட்கார்ந்து) ஸ்டிரைக்கா? என்ன கோரிக்கை?

நடிகர்: நிறைய இருந்துச்சு. எனக்குப் பிடிச்சது செல்ஃப் டேப் விதிதான். வீடியோ அனுப்பக் குறைஞ்சது 48 மணி நேரம் தரணும், சனி ஞாயிறு கணக்குல சேராது. முதல் சுத்துக்கு 8 பக்கத்துக்கு மேல டயலாக் குடுக்கக் கூடாது. மனப்பாடம் பண்ணியே ஆகணும்னு கேக்கக் கூடாது.

பெரியப்பா: நமக்கும்தான் 1952லேர்ந்து நடிகர் சங்கம் இருக்கே?

நடிகர்: இருக்கு சார். ஆனா என்னைக் கூப்பிட்டவங்க ஒருத்தரும் 48 மணி நேரம் இருக்குன்னு சொன்னதில்ல. "அர்ஜென்ட்"னுதான் சொல்லியிருக்காங்க.

(ஃபோன் ஒலிக்கிறது. நடிகர் எடுத்துப் பார்த்து, கிரெடிட் கார்டு என்று வைத்துவிடுகிறார்.)

நடிகர்: பொண்ணு வீட்ல என்ன சார் சொல்லப் போறீங்க?

பெரியப்பா: "சொல்லி அனுப்புறோம்"னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கு அது காது புளிச்சிருக்கும். நேராவே சொல்லிடுறேன். நடிக்கிறதுல எங்க பொண்ணுக்கு ஆட்சேபணை இல்ல. நைட் ஷிஃப்ட்தான் வேணாங்குது.

நடிகர்: பகல் ஷிஃப்ட்டுக்கு மாறினா ஆடிஷனுக்குப் போக முடியாதே சார்.

பெரியப்பா: புரியுது. அதை நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க, நம்பர் தரேன். இனிமே மாமான்னே கூப்பிடுங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க மாப்ளே. ஆள் எடுக்கிறவங்க யாரையாவது பாத்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க. வரவழைச்ச பிள்ளைக்குப் போக்குவரத்துச் செலவைக் குடுக்கட்டும். வேண்டாம்னா ஒரு வாரத்துக்குள்ள வேண்டாம்னு ஒரு வரி போடட்டும். அவனுக்கு ராத்திரி டூட்டி இருக்கு.