ஒற்றைப் பை உத்தமர்

எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் கிளம்புகிற நேரத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். குடும்பமே பெட்டி, கட்டைப்பை, இட்லிப் பொட்டலம், தண்ணீர் கேன் என்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதுகில் சின்னப் பை ஒன்றை மாட்டிக்கொண்டு கைவீசி வருவார். அந்தக் கையும் சும்மா இருக்காது. "நாலு நாளுக்கு இத்தனை மூட்டையா?" என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டும். தூக்காது.

படுக்கை வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை ரயில்வே சும்மாவே கொண்டுபோக விடுகிறது. இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஜனங்களைக் கெடுப்பதே இந்தச் சலுகைதானாம். விமானத்தில் கையோடு 7 கிலோ எடுத்துப்போகலாம் என்கிறார்களே, அதுவே அவர் கணக்கில் ஊதாரித்தனம். அவருடைய பை மூன்றரைக் கிலோ. எடை பார்க்கும் கருவிமேல் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறி இறங்கிக் கழித்துப் பார்த்து, விடையை வீட்டில் எல்லோருக்கும் அறிவித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்.

கிளம்புவதற்கு முந்தின இரவு நடக்கும் வைபவத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கட்டில்மேல் உருப்படிகள் வரிசையாகக் கிடக்கும். கருநீலம், சாம்பல், வெள்ளை தவிர வேறு நிறத்துக்கு அனுமதி இல்லை. "எதை எதோட போட்டாலும் சேரணும். மூணு சட்டை, ரெண்டு பேன்ட்; ஆறு ஜோடி ஆச்சா? ஒரு கோட்டைச் சேர்த்துக்கோ. போட்டா ஆறு, போடாட்டி ஆறு. மொத்தம் பன்னிரண்டு!" பன்னிரண்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே உடுப்பாகத்தான் தெரியும் என்பது வாய்ப்பாட்டில் வராத சங்கதி. ஜீன்ஸ் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. கனம் ஒரு பக்கம். நனைந்துவிட்டால் லேசில் காயாது என்பது இன்னொரு பக்கம். இதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மேற்கோளும் கைவசம் உண்டு. நியூயார்க்கில் டோனா கேரன் என்ற ஆடை வடிவமைப்பாளர் 1985இல் ஏழே உருப்படிகளை வைத்து ஒரு பெண்ணின் அலமாரியையே அடக்கிக் காட்டினாராம்.

"அந்த அம்மா யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினாங்க?" என்பார் மனைவி, புடவைக்கு நடுவே காகிதம் வைத்து மடித்தபடி.

உடனே காந்தி வருவார். 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் மேலாடையைத் துறந்து அரைத்துண்டுக்கு மாறினார். "நாம போறதும் அதே மதுரைதானே!"

"அவர் போனது வெள்ளைக்காரனை விரட்ட. நாம போறது எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்குங்க."

காந்தியைக்கூட விடுங்கள். நம் தாத்தாக்கள் மஞ்சள் பையில் ஒரு மாற்று வேட்டியும் ஓர் ஈரிழைத் துண்டும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்வரவில்லையா? அந்தத் துண்டு ஒரு அதிசயம். குளித்தால் துவட்ட, வெயிலில் முண்டாசு கட்ட, ரயிலில் இடம் பிடிக்க, சுருட்டினால் தலையணை. பிழிந்து உதறினால் அரை மணியில் காய்ந்துவிடும். முக்கியமாக, அந்தத் தாத்தாக்கள் அதைப் பற்றி யாருக்கும் வகுப்பு எடுத்ததில்லை. நம்மவரும் அதே துண்டைத்தான் வைத்திருக்கிறார். ஆனால் ரயில் தாம்பரம் தாண்டுவதற்குள் எதிர் இருக்கைக்காரருக்கு அதன் பயன்கள் முழுக்க மனப்பாடம்.

தாம்பரம் தாண்டியதும் இன்னொன்றும் ஆரம்பிக்கும். "பேஸ்ட் உன் பையிலதானே இருக்கு?" செங்கல்பட்டில் சார்ஜர். காலையில் மதுரையில் இறங்கியதும் சீப்பு, தேங்காய் எண்ணெய், நகவெட்டி. மண்டபத்தில் பட்டு வேட்டி கட்டாமல் நிற்க முடியாது என்று மாமியார் கண்ணாலேயே சொல்லிவிட, மனைவியின் அண்ணன் பெட்டியிலிருந்து ஒன்று வரும். "மச்சான், ஒரு மணி நேரந்தான்!" அந்த ஒரு மணி நேரம் பந்தி முடிந்து, சாம்பார் பட்டு, தாம்பூலம் வாங்கும்வரை நீளும். மற்றபடி, ஆல்பத்தைப் புரட்டுகிறவர்களுக்கு வரவேற்பு, நலங்கு, மறுவீடு எல்லாம் ஒரே சாயந்தரத்தில் நடந்த மாதிரி இருக்கும். எல்லாவற்றிலும் ஓரத்தில் அதே வெள்ளைச் சட்டை.

கல்யாணம் முடிந்து அப்படியே கொடைக்கானல். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, ஏரிக்கரையில் மூடுபனி. அவருடைய தத்துவம் மொத்தமும் ராத்திரி துவைத்துக் காலையில் உடுத்துவதில்தான் நிற்கிறது. கை கழுவும் தொட்டியில் சட்டையைச் சோப்புப் போட்டு அலசுவார். காய்ந்த துண்டை விரித்து, அதன்மேல் ஈரச் சட்டையைப் பரப்பி, பாய் சுருட்டுகிற பக்குவத்தில் சுருட்டி, ஏறி நின்று மிதிப்பார். தண்ணீரெல்லாம் துண்டுக்கு இறங்கிவிடும். நல்ல உபாயம், மதுரையில் பலித்தது. கொடைக்கானலில் விடிந்து பார்த்தால் சட்டையும் ஈரம், துண்டும் ஈரம். இருந்தது ஒரே துண்டு.

அறைக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டதுமே மச்சான் பெட்டியைத் திறந்துவிட்டார்.

"என்ன மாப்ளே, ஸ்வெட்டரா?"

"ஸ்வெட்டர் வேண்டாம் மச்சான், கனம். உள்ளே போட ஒரு சட்டை இருந்தா..." கொஞ்சம் யோசித்து, "சரி, ஸ்வெட்டரும் கொடுங்க."

மாமியாரின் மப்ளர், கொழுந்தியாள் மகளின் தலைமுடி உலர்த்தும் கருவி (அது பேன்ட்டுக்கு), யாரோ ஒருவருடைய காலுறை. கோக்கர்ஸ் வாக்கில் எடுத்த படத்தில் இடுப்புக்கு மேலே அவருக்குச் சொந்தமானது மூக்குக்கண்ணாடி மட்டும். அந்தக் கோலத்திலேயே பக்கத்தில் நின்ற புதுமணத் தம்பதிக்குச் சுமையில்லாத பயணம் பற்றி எடுத்துச்சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் தலையாட்டினார்கள், பாவம்.

திரும்பும்போது மலைப்பூண்டு, தைலம், சாக்லேட், பேரிக்காய் என்று ஆளாளுக்கு வாங்கினார்கள். அவர் இரண்டு கிலோ பூண்டு வாங்கினார். தம் பையில் பூண்டு வாசனை ஏறிவிடும் என்பதால் அது மாமியாரின் கூடைக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்த அன்று இரவே கணக்கு முடித்தார். எடுத்துப்போன மூன்று சட்டையில் ஒன்றை மடிப்புக் கலைக்கவே இல்லை. கோட்டு வெளியே வரவில்லை. "பாத்தியா? அடுத்த தடவை ரெண்டு சட்டையே ஏகம்!" என்று மனைவியிடம் காட்டிவிட்டு, அதே உற்சாகத்தில் மச்சானுக்கும் போன் போட்டுச் சொன்னார்.

மச்சான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பெட்டியாக ஒன்று வாங்கிவந்தார்.