எட்டாத நாடி

கேள்வி: ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து தொலைபேசியில் "காய்ச்சல்" என்றால், பதுளை வைத்தியர் நாடி பிடிக்காமலே நோயைப் பிடித்துவிடுவாரா?

பதில்: நாடிக்குக் கை எட்டாதபோது வைத்தியர் வாயைப் பிடுங்குகிறார். டெங்கா, எலிக்காய்ச்சலா, சிற்றுண்ணி கடித்துப் பரவும் உண்ணிக்காய்ச்சலா என்று பெயர் தேடுவதற்கு முன், எதைத் தவறவிட்டால் உயிர் போகும் என்பதை எடைபோட்டு, ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடிகிறதா, சிறுநீர் குறைந்ததா என்று வினவும் அவர், அக்குளிலும் அரையிலும் வலியற்ற கறுப்புப் பொருக்கு உண்டா எனப் பார்க்கச் சொல்வது, அட்டைக்கடி என்று கொழுந்து பறிப்பவர் ஒதுக்கிவிடக்கூடிய அப்பொருக்கே உண்ணிக்காய்ச்சலின் முத்திரை என்பதால்தான். (முத்திரையின்றியும் அது வரும்.) மூச்சுத் திணறினாலோ நினைவு தடுமாறினாலோ அழைக்க வேண்டிய எண் வைத்தியருடையதன்று, 1990, இலங்கையின் சுவசெரிய இலவச அம்புலன்ஸ்.