பிளான் அண்ணன்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த சாஃப்ட்வேர் ஆபீஸுக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். லேப்டாப் மூடியில் ஊதா நிற டெராஃபார்ம் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்மை வெளியிட்டது 2014இல். அதற்கு முன்னால் உலகம் எப்படித்தான் ஓடியது என்று நிஜமாகவே வியக்கிறவர் இவர். கிளவுடில் ஒரு துரும்பு இருந்தாலும் அது முதலில் கோடில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கன்சோலைத் திறந்து மவுஸால் கிளிக் செய்கிறவனைக் கண்டால், அப்போதுதான் போட்ட கோலத்தை மிதித்துவிட்டவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

எங்கள் ஆபீஸில் அவருக்கு ‘பிளான் அண்ணன்’ என்று பெயர். டெராஃபார்மில் ‘பிளான்’ என்றால் என்னென்ன மாறப்போகிறது என்று முன்கூட்டிக் காட்டுவது; ‘அப்ளை’ என்றால் மாற்றியே விடுவது. அண்ணன் எதற்கும் முதலில் பிளான்தான் போடுவார். அவர் அப்ளைக்கு வருவதற்குள் கேன்டீனில் சாம்பார் சாதம் தீர்ந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை, வாடிக்கையாளர்களுக்கு ஒரே எஸ்எம்எஸ் இரண்டிரண்டாகப் போக ஆரம்பித்தது. அந்தச் செய்திகள் காத்திருப்பது எஸ்க்யூஎஸ் என்கிற அமேசான் க்யூவில். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதே கதைதான் அங்கேயும். ஒரு புரோகிராம் செய்தியை எடுத்ததும் அதன்மேல் ஒரு துண்டு விழும். மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. வேலையை முடித்து, செய்தியை அழித்துவிட்டால் சரி. அதற்குள் நேரம் தாண்டினால் துண்டு பறந்துவிடும், அடுத்தவன் உட்கார்ந்துவிடுவான். அந்த நேரத்துக்குப் பெயர் விசிபிலிட்டி டைம்அவுட். 12 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம். எங்கள் புரோகிராமுக்கோ அன்றைக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப 40 விநாடி ஆனது.

“அந்த டைம்அவுட் எவ்வளவு?” என்று மேனேஜர் கேட்டார். கேள்வி அவ்வளவுதான்.

“கன்சோல்ல பாத்துடவாண்ணா?” என்றாள் டெஸ்டிங் பெண்.

“பாக்கலாம்மா. பாத்ததுக்கு என்ன ஆதாரம்? நாளைக்கு யார் கேட்டாலும் கோடுல இருக்கணும்ல?”

க்யூ எங்களுடையது அல்ல, அடுத்த வரிசை டீமுடையது. அடுத்தவர் பொருளை டெராஃபார்மில் பார்த்துக்கொள்ள ‘டேட்டா பிளாக்’ என்று ஒன்று உண்டு. மியூசியம் மாதிரி, பார்க்கலாம், தொடக்கூடாது. அண்ணன் புதிய பிராஞ்ச் போட்டார். க்யூவின் பெயரைக் கொடுத்து டேட்டா பிளாக் எழுதினார். எழுதியது மூன்று வரி, அதற்கு விளக்கம் ஏழு வரி. ஓட்டினால், டெராஃபார்மின் கணக்குப் புத்தகமான ஸ்டேட் ஃபைலை யாரோ பூட்டியபடி டீ குடிக்கப் போயிருந்தார்கள். காத்திருந்தார். இப்படிப்பட்ட நேரங்களில் அவர் முகத்தில் தெரியும் அமைதியைக் கோவில்களில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

மாலை நாலு மணிக்கு விடை வந்தது. க்யூவின் யூஆர்எல், ஏஆர்என் என்கிற நீளமான விலாசம், ஒட்டியிருந்த டேக்குகள். அவ்வளவுதான். டைம்அவுட்? அந்த டேட்டா பிளாக் அதைச் சொல்லவே சொல்லாது. பெயரைக் கொடுத்துத்தான் கேட்டார். வந்த விலாசத்தின் வாலில் அதே பெயர் தொங்கியது.

“முப்பது விநாடிண்ணா” என்றாள் அந்தப் பெண். காலையிலேயே கன்சோலில் பார்த்து, மஞ்சள் சீட்டில் ‘30’ என்று எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தாள்.

அடுத்த வரிசைத் தம்பி இரக்கப்பட்டு, கன்சோலிலேயே அதை 120 ஆக்கினான். எஸ்எம்எஸ் ஒற்றைப்படைக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினோம், அண்ணனைத் தவிர. ஆறு மணிக்கு அந்த டீமின் வழக்கமான அப்ளை தானாக ஓடியது. 120 மறுபடி 30 ஆனது. எஸ்எம்எஸ் மறுபடி இரட்டைப் பிள்ளை பெற்றது.

“எங்க கோடுல டைம்அவுட்னு ஒரு வரியே இல்லையேண்ணா?” என்று தம்பி திகைத்தான்.

“எழுதலன்னா முப்பதுன்னு அர்த்தம் தம்பி.” இதைச் சொல்லும்போது அண்ணன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கேலி செய்கிற எனக்கும் அந்த நிமிஷம் வாயடைத்துப் போயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு அவரே அடுத்த டீமின் கோடில் 120 என்று ஒரு வரி சேர்த்து, பிஆர் போட்டார், அதாவது மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்டார். காரணம் மூன்று பத்தி. ஒப்புதல் இருவர் தர வேண்டும். அதில் ஒருவர் லீவில், தங்கை கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார். மண்டபத்திலிருந்து போனிலேயே அவர் ஒப்புதல் அழுத்த வியாழக்கிழமை ஆனது. அதுவரை ஊருக்கெல்லாம் இரண்டிரண்டு எஸ்எம்எஸ்.

வெள்ளிக்கிழமை அண்ணன் டெஸ்டிங் பெண்ணின் மேஜைப் பக்கம் வந்தார். மஞ்சள் சீட்டு இன்னும் ஒட்டியபடியே இருந்தது.

“பாத்தியாம்மா? நிஜத்துல 120, இங்க 30. இதத்தான் டிரிஃப்ட்னு சொல்றது.”

அவள் நிமிரவே இல்லை. “பிஆர் போடுங்கண்ணா. அப்ரூவ் பண்ணிடறேன்.”