ஆமை புகுந்த கணினி

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளை ஆக்கும் ஆரக்கிள்காரர்களுக்கு இதை யார் சொன்னார்களோ! விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் நொண்டினால் அதன் ஜன்னலின் கீழ்ப்பட்டையைப் பாருங்கள். பச்சை ஆமை ஒன்று உட்கார்ந்திருக்கும். அலங்காரமல்ல, அறிவிப்பு.

அமீனா பின்னாலேயே நிற்கிறார். பெயர் ஹைப்பர்-வி, விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசர். நான் கூப்பிடவே இல்லையே என்று நீங்கள் சத்தியம் செய்யலாம். ஆனால் விண்டோஸ் 11, அதன் 22எச்2 பதிப்பிலிருந்து, தகுதியுள்ள எண்டர்பிரைஸ் கணினிகளில் கடவுச்சொல் ரகசியங்களைக் காக்கும் கிரெடென்ஷியல் கார்டைத் தானாகவே இயக்கிவிடும். அதற்குக் காவலாக இந்த ஹைப்பர்வைசர் வரும். வந்த கையோடு பிராசஸரின் விடி-எக்ஸ் என்ற மெய்நிகராக்க வசதியை ஜப்தி செய்துவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் அதன்பின் மனுப் போட்டுத்தான் பிழைக்கவேண்டும்.

நாமோ மெய்நிகர் கணினிக்கு ரேமைக் கூட்டுகிறோம், கோர்களை இரட்டிப்பாக்குகிறோம், பாவப்பட்ட ஸ்னாப்ஷாட்களை அழிக்கிறோம். ஆமை அசைவதில்லை. விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் ஹைப்பர்-வி டிக்கை எடுத்தாலும் போதாது. அமீனா வந்தது அந்த வாசல் வழியாக அல்ல. அதே ஹைப்பர்வைசரை நம்பியிருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி, கிரெடென்ஷியல் கார்டு இரண்டையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்தால்தான் கிளம்புவார். அணைக்க ஐடி துறையின் அனுமதி வேண்டும். அவர்கள் டிக்கெட் போடச் சொல்வார்கள். டிக்கெட் மென்பொருள் எந்த மெய்நிகர் கணினியில் ஓடுகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.