உறவு என்ற கட்டம்

பூனாவின் போபோடியில், ஓரறைக் குடித்தனங்கள் வரிசையாக இருக்கும் சால் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். அதற்கு ரேஷன் கார்டு விசாரிக்க வந்த ஆளை ஒரே ஒரு கட்டம்தான் திணறடித்தது: குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?

கோடி அறையில் இரண்டு கட்டைப் பிரம்மச்சாரிகள். ஒருவர் பாலக்காடு, மற்றவர் திருநெல்வேலி. கிர்க்கி ஆம்யுனிஷன் ஃபேக்டரியில் ஒரே ஷிப்ட், வீட்டில் ஒரே ஸ்டவ், ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்று தினமும் ஒரே சண்டை. கார்டில் இருவரும் அண்ணன் தம்பி ஆனார்கள். எதிர் அறையில் ஒரு பாட்டியும் அவள் மருமகளும். பாட்டியின் மகன் வேறொருத்தியோடு நாசிக் பக்கம் போய்விட்டான். மாமியாரும் மருமகளும் அவனைச் சேர்ந்து திட்டிக்கொண்டு, சேர்ந்தே அப்பளம் இட்டு விற்றார்கள். மருமகள் என்று எழுதினால் மகன் எங்கே என்ற கேள்வி வரும். அதனால் "மகள்" என்று எழுதச் சொன்னாள் பாட்டி. வந்தவரும் எழுதினார், அப்பளம் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிப்பட்ட சாலுக்குத்தான் குமுதம் வரும். மதராஸில் எல்லோரும் படித்து முடித்த பிறகு எங்களுக்கு வந்து சேரும். ஒரே பிரதி எல்லா அறைகளையும் சுற்றும். கடைசி வீட்டுக்குப் போகும்போது அட்டை இருக்காது. என் அக்காதான் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து பைண்டு செய்து வைப்பாள். அவற்றில் முக்கால்வாசி அப்புசாமி கதைகள்.

ஜ.ரா. சுந்தரேசன், அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து பாக்கியம் ராமசாமி என்று வைத்துக்கொண்டு, 1963-ல் தொடங்கிய குடும்பம் அது. ஜெயராஜ் படம் போட, வாரக்கணக்கில் தமிழ்நாடே சிரித்தது. எந்தக் குடும்பத்தைப் பார்த்து என்பதை இப்போது யோசித்தால் வியப்பாக இருக்கிறது. பிள்ளைகுட்டி இல்லாத கிழத் தம்பதி. பணப்பெட்டி மனைவி சீதாப்பாட்டி கையில். அவள் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவாள், பாட்டிகள் முன்னேற்றக் கழகம் நடத்துவாள். கணவர் அப்புசாமி மூக்குப்பொடிக்குக்கூடக் கைநீட்டி நிற்பார். அவருக்குச் சொந்தபந்தம் என்றால் ரசகுண்டு, பீமாராவ் என்று இரண்டு உருப்படாத சிநேகிதர்கள். நெற்றி நிறைய விபூதி பூசிய எங்கள் மாமாக்கள் இதைப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குடும்பப் பண்பாடு கெட்டுவிட்டது என்று ஒருவர்கூடக் குமுதத்துக்குக் கடிதம் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

காதல் விஷயத்தில் மட்டும் நம் நகைச்சுவைக்காரர்கள் உஷார். தேவனின் சாம்பு எத்தனையோ திருட்டுகளைக் குருட்டு அதிர்ஷ்டத்தில் கண்டுபிடித்தான். அவனுக்கும் வேம்புவைக் கல்யாணம் செய்து வைத்து, பிள்ளை சுந்துவையும் கையில் கொடுத்துவிட்டார். சாவியின் 'வாஷிங்டனில் திருமண'த்தில் அப்பளம் உண்டு, நாயனம் உண்டு, ராக்ஃபெல்லர் சீமாட்டி வீட்டுப் பணம் தண்ணீராக ஓடுவது உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பக்கத்து மராத்தி வீடுகளிலும் கதை இதேதான். எழுபதுகளின் கடைசியில் டிவி இருந்த வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து சி.வி. ஜோஷியின் சிமண்ராவையும் குண்ட்யாபாவையும் பார்ப்போம். பாதி மராத்தி புரியாது, சிரிப்பு முழுசாக வரும். பிறகு பு.ல. தேஷ்பாண்டே. சால் வாழ்க்கையை அவரைவிட நன்றாக யார் எழுதினார்கள்? 1946 ஜூன் 12-ல் அவரும் சுனிதாவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். குழந்தைகள் இல்லை. 1990-ல் சுனிதாபாய் தன் நினைவுகளை எழுதியபோது, ஊரையே சிரிக்க வைத்தவரோடு குடித்தனம் செய்வது எப்படியிருந்தது என்று பூனா மூக்கின்மேல் விரல் வைத்துப் படித்தது. எனக்கென்னவோ சீதாப்பாட்டி தன் பக்கத்து நியாயத்தைச் சொன்ன மாதிரி இருந்தது.

இன்று அந்தச் சால் இல்லை. லிஃப்ட் வைத்த கட்டடம் நிற்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து போபோடிக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. அக்காவின் மகள், அதாவது என் மருமகள், இங்கேதான் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறாள். கூட அவளுடைய இப்போதைய காதலன், நாக்பூர்ப் பையன். விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்ட அவன் அம்மா. அந்த அம்மாவின் காலேஜ் சிநேகிதி. இன்னோர் அறையில் என் மருமகளின் பழைய காதலன். வாடகையில் கால் பங்கு கொடுக்கிறான், வாஷிங் மெஷினும் அவனுடையது. அதனால் அவனை யாராலும் அனுப்ப முடியவில்லை.

சொசைட்டி செக்ரட்டரி, ஃபேமிலிக்கு மட்டும்தான் வீடு என்று ஒரு படிவத்தை நீட்டினார். அதிலும் அதே கட்டம். பையனுக்கு நேரே "நிச்சயிக்கப்பட்டவர்" என்று எழுதினாள். கல்யாணம் எப்போது என்றார். ஒரு தேதி சொன்னாள். பதினொரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கல்யாணத் தேதியும் புதுப்பிக்கப்படுகிறது. பழைய காதலன் "கசின்". செக்ரட்டரிக்கு எல்லாம் தெரியும். அவருக்குக் கட்டம் நிரம்பினால் போதும்.

அக்காவுக்குத்தான் ஆறவில்லை. "இதெல்லாம் ஒரு குடும்பமாடா?" என்றாள் போனில்.

"நம்ம சால்ல இருந்ததெல்லாம் என்னக்கா?"

"அவங்க பாவம்டா. வேற வழியில்லாம இருந்தாங்க. இவளுக்கு என்ன கேடு?"

விஷயம் அவ்வளவுதான். வழியில்லாமல் சேர்ந்திருந்தால் பாவம். பிடித்துப்போய்ச் சேர்ந்திருந்தால் பாபம். கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-ல் நடிகை குஷ்பு வாய் திறந்ததற்குத் தமிழ்நாட்டில் ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். 2010-ல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்பது சட்டத்துக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்.

எனக்கு வேறொரு குறை. சுந்தரேசன் 2017 டிசம்பரில் போய்விட்டார். அதன் பிறகு இந்த மாதிரி வீடுகளுக்குள் சிரித்துக்கொண்டே நுழையத் தமிழில் ஆளைக் காணோம். இன்றைய காதலும் பிரிவும் கதையில் வந்தால் இருட்டும் மழையும் கூடவே வருகின்றன. வாஷிங் மெஷினுக்காகப் பழைய காதலனை வைத்திருக்கும் வீட்டில் எங்கே ஐயா இருட்டு?

எழுதத் தெரிந்த இளசுகள் யாராவது போபோடிப் பக்கம் வந்தால் என் மருமகள் வீட்டில் காபி உண்டு. செக்ரட்டரியைத் தாராளமாகப் பாத்திரமாக்கிக்கொள்ளுங்கள். அவர் தமிழ் படிக்க மாட்டார்.